சார்ஜிங் பின் போனால் லேப்டாப்பே போயிற்றா?



கடையில் எந்தப் பொருள் பழுதானாலும் "சரிசெய்ய முடியுமா?" என்று முதலில் கேட்பது நம் வழக்கம். தராசு சரியாக நிற்கவில்லை என்றால் தராசுக்காரரை அழைக்கிறோம். ஷட்டர் இறங்க மறுத்தால் எண்ணெய் விட்டுப் பார்க்கிறோம். தள்ளுவண்டியின் சக்கரம் ஆடினால் பட்டறைக்கு அனுப்புகிறோம். இவற்றில் எதற்கும் உடனே புதியது வாங்கியதாக நம் பேரேட்டில் பற்று எழுதியதில்லை. ஆனால் கல்லாவுக்கு அருகில் இருக்கும் லேப்டாப்பில் சார்ஜர் செருகும் இடம் உடைந்துவிட்டால் மட்டும், "இது தீர்ந்தது, புதிதாக வாங்கிவிடலாம்" என்ற பேச்சு வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தும் கணக்குப் பார்ப்பவரிடமிருந்தும் உடனே கிளம்பிவிடுகிறது. இந்தப் பேச்சு சரியா, தவறா என்பதை வியாபாரிக்குரிய முறையில் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள நம் உறுப்பினர் கடைகளுக்கு லேப்டாப் புதிய பொருள் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினியில்தான் பல கடைகளின் முதல் கணக்கு ஏறியது. பின்னர் 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2018இல் இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்டு 1 முதல் ஆண்டு வரவு ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்களுக்கு மின்னணு விலைப்பட்டியலும் கட்டாயமாயிற்று. நாள்வழி, பேரேடு, கொள்முதல் சிட்டை, இருப்புப் புத்தகம் ஆகிய நான்கும் இன்று ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போகும் வழி ஒரு சிறு துளை. அந்தத் துளை அடைபட்டால் கடையே பாதி அடைபட்ட மாதிரிதான்.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

"சார்ஜ் ஏறவில்லை" என்ற ஒரே குறைக்குக் காரணங்கள் பல. சுவரில் உள்ள பிளக்கில் கோளாறு இருக்கலாம். அடாப்டர் செயலிழந்திருக்கலாம். ஒயர் நாள்தோறும் ஒரே இடத்தில் மடங்கி உள்ளே அறுந்திருக்கலாம். பேட்டரி ஆயுள் முடிந்திருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் சார்ஜிங் பின் மேல் பழி போட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அடாப்டரின் முதுகில் அது தரும் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான சாதாரண லேப்டாப்புகளுக்கு 19 அல்லது 19.5 வோல்ட். அதே வோல்ட், அதே முனை, அதற்குக் குறையாத ஆம்பியர் கொண்ட இன்னொரு அடாப்டரைப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் சார்ஜ் ஏறினால் குற்றம் அடாப்டருடையது. இரண்டிலும் ஏறாமல், முனையைச் சற்று அசைத்தால் மட்டும் விளக்கு எரிந்து அணைகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் பின்னுடையது. சில மாடல்களில் துளையின் நடுவில் ஊசி போன்ற கம்பி ஒன்று உண்டு. அடாப்டர் இன்னது என்று லேப்டாப்புக்குச் சொல்வதே அதன் வேலை. அது முறிந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரியில் மட்டும் சார்ஜ் ஏறாது. இதைப் பார்த்துவிட்டு "பேட்டரி போய்விட்டது" என்று புது பேட்டரி வாங்கியவர்களும் உண்டு.

ஆடுகிற பின்னை ஒரு கோணத்தில் நிறுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, பக்கத்தில் அட்டையை முட்டுக்கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டும் கடைகளையும் பார்க்கிறோம். இது சிக்கனம் அல்ல. இணைப்பு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, சாலிடர் விட்டு, முடிவில் போர்டும் கருகும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுது பல ஆயிரத்துக்கு ஏறுவது இப்படித்தான். காகிதமும் சாக்கும் நிறைந்த கடையில் பொறி பறக்கும் பொருளை வைத்திருப்பது ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி உப்பி லேப்டாப்பின் அடிப்பாகம் புடைத்திருந்தால் அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

பின் எத்தனை வகை?

பழுதுபார்க்கும் செலவு பின்னின் வகையைப் பொறுத்தது. இது தெரியாமல் விலை பேசுவது, மூட்டையைப் பிரிக்காமல் சரக்குக்கு விலை சொல்வது போன்றது.

முதல் வகையில், பின் தனியாக ஒரு சிறு ஒயருடன் வரும். மறுமுனை போர்டில் செருகப்பட்டிருக்கும். அடிமூடியைக் கழற்றி, பழையதை உருவிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. சாலிடர் வேலையே இல்லை. இரண்டாவது வகையில், பின் ஒரு சிறிய துணைப் பலகையில் இருக்கும். அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். மூன்றாவது வகையில், பின் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இதை எடுக்கச் சூடும் பொறுமையும் பழகிய கையும் வேண்டும். போர்டில் உள்ள செப்புத் தடம் பிய்ந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

இப்போது வரும் லேப்டாப்புகளில் டைப்-சி துளை வழியாகவே சார்ஜ் ஏறுகிறது. இந்த சிறு துளைக்குள் 24 தொடுமுனைகள் உண்டு. ஆகவே இதை மாற்றும் வேலை மூன்றாவது வகையிலும் நுணுக்கமானது. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. பல மாடல்களில் சார்ஜ் ஏற்கும் டைப்-சி துளை ஒன்றுக்கு மேல் இருக்கும். உருண்டைப் பின் கொண்ட சில மாடல்கள் பக்கத்திலுள்ள டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏற்கும். உங்கள் மாடல் அப்படிப்பட்டதா என்று கையேட்டில் பார்த்துவிட்டால், தகுந்த அடாப்டர் ஒன்றோடு சங்கதி முடிந்துவிடலாம். வேலை கெடாமல் சாவகாசமாகப் பழுதும் பார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" ஆகிவிடுமோ என்ற அச்சம்தான் பலரைப் பழுதுபார்க்கத் தயங்க வைக்கிறது. எனவே கணக்கைத் தாளில் எழுதியே பார்த்துவிடலாம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

புதிய லேப்டாப்பின் விலை வரி நீங்கலாக 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 7,200 ரூபாய். இதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த லேப்டாப் ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் மாதத்துக்கு 667 ரூபாய் செலவு. நம் பழைய லேப்டாப்புக்குப் பின் மாற்ற 1,500 ரூபாய் ஆகிறது, அதன்பின் ஒன்றரை ஆண்டு உழைக்கிறது என்றால் மாதத்துக்கு 83 ரூபாய்தான். இதில் யோசிக்க இடமே இல்லை. ஆனால் "மதர்போர்டையே மாற்ற வேண்டும், 12,000 ரூபாய்" என்று சொன்னால், அதே ஒன்றரை ஆண்டுக்கு மாதம் 667 ரூபாய் ஆகிவிடுகிறது. அதாவது புதியதன் செலவும் பழையதன் செலவும் சமம். அப்போது புதியது வாங்குவதே முறை.

இங்கே ஐந்தொகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் எழுதுகிறோம். 40,000 ரூபாய் லேப்டாப் மூன்று ஆண்டு முடிவில் ஏட்டில் 8,640 ரூபாயாக இறங்கிவிடும். அதைப் பார்த்து "மதிப்பே இல்லாத பொருளுக்கு ஏன் செலவு?" என்று கணக்கர் கேட்பார். ஏட்டு மதிப்பு வேறு, உழைப்பு மதிப்பு வேறு. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

செலவை மட்டும் பார்த்தாலும் போதாது. நாளையும் பார்க்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி, 3-பி படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. சரக்கு அனுப்புவதிலும் நாள் பார்க்க முடியாது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அனுப்பினால் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில். ஏறத்தாழ அதே தொலைவில் உள்ள புதுச்சேரிக்கு அனுப்பினால் 50,000 ரூபாயைத் தாண்டியதுமே வேண்டும். அவசரத்துக்கு அலைபேசியில் எடுத்துவிடலாம் என்றாலும், பட்டியலும் இருப்பும் லேப்டாப்பில் முடங்கிக் கிடக்கும்போது அது அரைகுறை வேலைதான்.

புதிய லேப்டாப் வாங்கினால் இந்தத் தொல்லை உடனே தீரும் என்றும் எண்ண வேண்டாம். பழைய கணக்கை அதில் ஏற்ற வேண்டும். கணக்கு மென்பொருளின் உரிமத்தைப் பழையதிலிருந்து விடுவித்துப் புதியதில் பதிய வேண்டும். பிரிண்டரைப் பழக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று நாள் போய்விடும். பின் மாற்றும் வேலை பொருள் கையில் இருந்தால் ஒரு நாளில் முடியும்.

பழுதுபார்க்கக் கூடாத நேரமும் உண்டு

எல்லாப் பழையதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் பார்ப்பது, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பூட்டு வாங்குவது போலத்தான். அதற்குப் பின் மாற்றுவதானாலும் பழைய கணக்கை எடுத்துக்கொள்வதற்கு மட்டும் மாற்றலாம். பின்னோடு கீலும் உடைந்து, விசைப்பலகையும் தேய்ந்து, பேட்டரியும் செத்திருந்தால் மொத்தச் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் புகுந்த லேப்டாப் தனி வகை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதையும் நம் மாவட்டம் வெள்ளக்காடானதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஈரம் பட்ட லேப்டாப்பில் பின்னை மட்டும் மாற்றுவது வீண். போர்டில் துரு தொடர்ந்து அரிக்கும். அப்படிப்பட்டதை ஈரத்தோடு சார்ஜில் போட்டும் பார்க்கக் கூடாது.

கழித்துவிடுவது என்று முடிவானால், அதையும் முறையாகச் செய்ய வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குப் போய்ச் சேரும்படிதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை அழித்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்கும் கடமை நமக்கு உண்டு. லேப்டாப் போனது என்பது அதிகாரியிடம் சொல்லும் பதிலாகாது.

பழுதுபார்ப்பவரும் ஒரு வணிகரே

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். சென்ற ஆண்டு நமது திண்டிவனம் கிடங்கு லேப்டாப்பில் பின் ஆடத் தொடங்கியது. சென்னை சென்ற நம் ஆள் அங்கே ஒரு கடையில் காட்டினார். அடிமூடியைக் கூடத் திறக்காமல், "போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று ஒரு பெருந்தொகை சொன்னார்கள். எழுதிக் கேட்டதற்கு எழுதித் தரவில்லை. திரும்பக் கொண்டுவந்து விழுப்புரத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தோம். அவர் நம் கண்ணெதிரே திறந்து, மீட்டர் வைத்துக் காட்டி, "பின்தான் ஐயா, போர்டு நன்றாக இருக்கிறது" என்றார். மறுநாள் மாலை லேப்டாப் வேலைக்கு வந்துவிட்டது. இன்றும் அது நம் கிடங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்வதால் பெரிய ஊர்க் கடைக்காரர் எல்லாம் பொய்யர், நம் ஊர்க்காரர் எல்லாம் உத்தமர் என்று பொருள் அல்ல. நம் ஊரிலும் துண்டுச் சீட்டில் தொகை எழுதுபவர், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டாதவர், தரமற்ற அடாப்டரைத் தலையில் கட்டுபவர் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்க் கடை நாளையும் அதே இடத்தில் இருக்கும். தவறு நேர்ந்தால் நேரில் போய்க் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் வாங்காதீர்கள், உள்ளூர்க் கடையில் வாங்குங்கள் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம், தீர்மானம் போடுகிறோம். நம் லேப்டாப் கெட்டதும் அலைபேசியை எடுத்து இணையத்தில் புதியதற்கு ஆர்டர் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் அதையே செய்யும்போது குறைசொல்வது எப்படி நியாயமாகும்? பழுதுபார்க்கும் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டால், 20ஆம் தேதி காலையில் நம் லேப்டாப் நின்றுபோகும்போது சென்னை ரிச்சி தெரு வரை ஓட வேண்டியதுதான்.

நாட்டிலும் இந்தக் குரல் எழுந்துள்ளது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. பிரான்சு நாட்டில் 2021 முதல் லேப்டாப் போன்ற பொருள்களை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி சார்ஜிங்கை விதித்தது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டது. ஆகவே அடுத்த லேப்டாப் வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், "சார்ஜிங் பின் போர்டில் ஒட்டியதா, தனியா? டைப்-சி வழியாகவும் ஏறுமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தை நம்பி அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மொத்த வியாபாரி ஒருவர் பழுதுக் கடை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் இந்தக் கேள்வி முதலில் எழும். எனவே வழக்கைவிட எழுத்தே நமக்குப் பாதுகாப்பு.

சங்கம் செய்யக்கூடியவை

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை உண்டு. அதைப் பழுதுபார்ப்பவருக்கு 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி உரிமமும் வேண்டும். லேப்டாப் பழுதுபார்ப்பவருக்கு அப்படி ஏதும் இல்லை. அரசு வந்து செய்யட்டும் என்று காத்திராமல் நம் சங்கமே சிலவற்றைச் செய்யலாம்.

ஒன்று, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பழுதுபார்க்கும் கடைக்காரர்களைச் சங்கத்தில் உறுப்பினராக்க வேண்டும். இரண்டு, அவர்களோடு பேசி நான்கு நடைமுறைகளை ஏற்கச் செய்ய வேண்டும்: திறந்து பார்த்தபின் எழுத்தில் மதிப்பீடு, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருதல், மாற்றிய பாகத்துக்கு மூன்று மாத உத்தரவாதம், முறையான பில். மூன்று, இரண்டு ஊர்ச் சங்க அலுவலகங்களிலும் ஒவ்வொரு லேப்டாப் தனியே வைத்திருந்து, பழுதுக்குக் கொடுத்த உறுப்பினருக்கு இரண்டு மூன்று நாள் இரவலாகத் தர வேண்டும். 20ஆம் தேதி நெருக்கடியில் தேவையின்றிப் புதியது வாங்கும் அவசரம் இதனால் தவிரும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வாரம் ஒருமுறை கணக்கை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். பழுதுக்குக் கொடுக்கும் முன் வங்கிக் கடவுச்சொற்களை நீக்கிவிட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே முதலில் செல்ல வேண்டும். அடாப்டர் வாங்கும்போது தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்துக் கழற்றக் கடைப் பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பழுதுபார்ப்பதா, புதியது வாங்குவதா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. திறந்து பார்த்து, எழுதி வாங்கி, மாதக் கணக்குப் போட்டு முடிவு செய்பவர் எந்தப் பக்கம் போனாலும் நட்டப்படமாட்டார். அடுத்த பொதுக்குழுவில் மேற்கண்ட மூன்று யோசனைகளையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். இரவல் லேப்டாப்புக்கு நம் பங்காக ஒரு தொகை தரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.